அப்பா ஃபோனுக்குள்ள அவன் எப்படி வந்தான்?

போன செமஸ்டர்ல ஒரு நாள் மத்தியானம், லேப்ல இருக்கும்போது அப்பாகிட்ட இருந்து கால் வந்துச்சு. அவர் எப்பவும் ராத்திரி கடையை மூடிட்டுத்தான் பேசுவாரு. அதனால எடுக்கும்போதே ஏதோ சரியில்லன்னு தோணுச்சு.

"தம்பி, அக்கவுண்ட்ல இருந்து 38,000 போயிருச்சுடா. ரெண்டு தடவையா எடுத்திருக்கான். நான் யார்கிட்டயும் ஓடிபி சொல்லலடா, சத்தியமா சொல்லல."

அவர் சொன்னது உண்மைதான். யாரும் அவருக்கு ஃபோன் பண்ணல, யாரும் ஓடிபி கேக்கல. நடந்தது இதுதான். காலையில வாட்ஸ்அப்ல ஒரு மெசேஜ் வந்திருக்கு. "ஹெல்மெட் அணியாமல் சென்றதற்கு 1000 ரூபாய் அபராதம், விவரங்களுக்கு ஆப்பைத் திறக்கவும்"னு இருந்துச்சாம். கூடவே ஒரு ஏபிகே ஃபைல். அன்னைக்குக் காலையில அப்பா நிஜமாவே ஹெல்மெட் இல்லாமத்தான் மார்க்கெட் போயிட்டு வந்திருக்காரு. அதனால சந்தேகமே வரல. ஃபைலைத் தொட்டாரு, ஆப் இன்ஸ்டால் ஆச்சு. அது கேட்டதுக்கெல்லாம் 'அலோ' குடுத்தாரு. ஃபைன் கட்டுற பக்கம் வந்துச்சு, டெபிட் கார்டு நம்பரும் பின்னாடி இருக்கிற மூணு இலக்கமும் போட்டாரு. சக்கரம் சுத்திக்கிட்டே இருந்துச்சு. சர்வர் டவுன்னு நினைச்சுட்டு ஃபோனைக் கல்லாப்பெட்டி மேல வச்சுட்டாரு. அரை மணி நேரத்துல காசு போயிருச்சு.

உடனே 1930க்கு கால் பண்ணச் சொன்னேன். சைபர் மோசடிக்கான தேசிய உதவி எண் அது. பேங்குக்கும் சொல்லி கார்டை முடக்கினோம். ரெண்டாவதா போன 18,000 நடுவுல எங்கேயோ நின்னு, பல வாரம் கழிச்சு திரும்பி வந்துச்சு. முதல்ல போன 20,000 போனதுதான்.

அன்னைக்கு ராத்திரி அப்பா ஒரு கேள்வி கேட்டாரு. "என் விரலை வச்சாத்தான் இந்த ஃபோன் திறக்குது. நீயும் நல்ல ஃபோன்னு சொல்லித்தான் வாங்கிக் குடுத்த. அப்புறம் எப்படிடா அவன் உள்ள வந்தான்?"

நான் கம்ப்யூட்டர் சயின்ஸ் ஃபைனல் இயர். கிரிப்டோகிராஃபி பேப்பர்ல நல்ல மார்க்கு. ஆனா அவருக்குப் புரியுற மாதிரி ஒரு பதில் என்கிட்ட இல்ல. அதுக்கப்புறம் உட்கார்ந்து படிச்சதைத்தான் இங்க எழுதுறேன். ஸ்மார்ட்ஃபோனை நம்பலாமா, வேண்டாமான்னு ஒரே வார்த்தையில பதில் சொல்ல முடியாது. ஃபோன்ங்கிறது ஒரே ஒரு பூட்டு இல்ல, பல கதவு இருக்கிற வீடு. ஒவ்வொரு கதவா பார்க்கலாம்.

முதல் கதவு: ஃபோன் திருடன் கையில கிடைச்சா?

இந்தக் கதவு நாம நினைக்கிறதை விட ரொம்ப உறுதியானது. இன்னைக்கு வர்ற ஃபோன்கள்ல நம்ம ஃபோட்டோ, மெசேஜ் எல்லாம் மெமரி சிப்ல அப்படியே கிடக்கிறது இல்ல, என்கிரிப்ட் ஆகித்தான் இருக்கு. ஐஃபோன் 5எஸ் 2013ல வந்தப்போ சாவிகளைப் பாதுகாக்கவே தனியா ஒரு பகுதியைச் சிப்புக்குள்ள வச்சாங்க. ஆண்ட்ராய்டு 10ஓட 2019ல இருந்து வர்ற புது ஃபோன்கள் எல்லாத்துக்கும் என்கிரிப்ஷன் கட்டாயம்.

அந்தச் சாவி நம்ம பின் நம்பரும், சிப்புக்குள்ளயே புதைஞ்சிருக்கிற ஒரு ரகசிய எண்ணும் சேர்ந்து உருவாகுறது. அதனால சிப்பைக் கழட்டி வேற கம்ப்யூட்டர்ல மாட்டினாலும் பிரயோஜனம் இல்ல. ஒவ்வொரு நம்பரா போட்டுப் பார்க்கணும்னா அந்த ஃபோன்லயேதான் போட்டுப் பார்க்கணும். ரீஸ்டார்ட் பண்ணதும் விரலை ஏத்துக்காம பின் கேக்குதே, ஏன்னு யோசிச்சிருக்கீங்களா? சாவி செய்யறதுக்குப் பின் வேணும். விரல், முகம் எல்லாம் அதுக்கப்புறம் வர்ற வசதிதான்.

சின்னதா ஒரு கணக்கு. ஐஃபோன்ல ஒரு தடவை பின்னைச் சரிபார்க்க சுமார் 80 மில்லிசெகண்ட் ஆகுற மாதிரி வச்சிருக்காங்க. 4 இலக்க பின்னுக்கு 10,000 வாய்ப்பு. வேற எந்தத் தடையும் இல்லன்னா 800 செகண்ட், அதாவது 14 நிமிஷத்துக்குள்ள உடைச்சிடலாம். அதுவே சின்ன எழுத்தும் எண்ணும் கலந்த 6 இலக்க பாஸ்வேர்டுன்னா ஐந்தரை வருஷத்துக்கு மேல ஆகும். அதனாலதான் தப்பா போடப் போட ஃபோன் நம்மளைக் காக்க வைக்குது.

இது எவ்வளவு பெரிய தடைன்னு 2016ல உலகமே பார்த்துச்சு. கலிஃபோர்னியாவின் சான் பெர்னார்டினோவில் 2015 டிசம்பர்ல 14 பேரைச் சுட்டுக் கொன்னவங்கள்ல ஒருத்தரோட ஐஃபோன் 5சி, எஃப்பிஐ கையில கிடைச்சது. அதைத் திறக்க முடியல. 10 தடவை தப்பாப் போட்டா உள்ள இருக்கிறது அழிஞ்சிடலாம்ங்கிற பயம் வேற. அந்தத் தடையை எடுக்கிற மாதிரி ஒரு சாஃப்ட்வேர் எழுதிக் குடுன்னு கோர்ட் ஆப்பிளுக்கு உத்தரவு போட்டுச்சு. ஒரு ஃபோனுக்குச் செஞ்ச சாவி எல்லா ஃபோனுக்கும் ஆகிடும்னு ஆப்பிள் மறுத்துச்சு. கடைசியில மூணாவது ஆள் ஒருத்தர் மூலமா திறந்துட்டோம்னு சொல்லி எஃப்பிஐ வழக்கை வாபஸ் வாங்குச்சு. அரசாங்கத்துக்கே அந்தப் பாடுன்னா, பஸ் ஸ்டாண்டுல பிக்பாக்கெட் அடிக்கிறவனுக்குச் சான்ஸ் ரொம்பக் கம்மி. நீங்க 1234ன்னு பின் வைக்காம இருந்தா.

அப்பா ஃபோனுக்குள்ள அவன் இந்தக் கதவு வழியா வரல.

இரண்டாவது கதவு: ஆப்புக்கும் ஆப்புக்கும் நடுவுல சுவர்

பழைய விண்டோஸ் கம்ப்யூட்டர்ல ஒரு புரோகிராமை ஓட விட்டா, அது உங்க ஃபைல் எல்லாத்தையும் படிக்கலாம். ஃபோன் அப்படி இல்ல. ஆண்ட்ராய்டு லினக்ஸ் கெர்னல் மேல ஓடுது. லினக்ஸ்ல ஒரே கம்ப்யூட்டரைப் பல பேர் பயன்படுத்தும்போது ஒருத்தர் ஃபைலை இன்னொருத்தர் தொட முடியாதபடி ஒவ்வொருத்தருக்கும் ஒரு யூசர் ஐடி இருக்கும்னு ஓஎஸ் பேப்பர்ல படிச்சிருப்போம். ஆண்ட்ராய்டு அதையே எடுத்து, ஒவ்வொரு ஆப்பையும் தனித்தனி யூசரா ஆக்கிடுச்சு. கேம் ஆப் ஒரு யூசர், பேங்க் ஆப் இன்னொரு யூசர். கேம் ஆப்பால பேங்க் ஆப்போட ஃபைலைத் திறக்கவே முடியாது. இதைத்தான் சாண்ட்பாக்ஸ்னு சொல்றாங்க. ஹாஸ்டல்ல எல்லாரும் ஒரே கட்டடம், ஆனா ஒவ்வொரு ரூமுக்கும் தனிப் பூட்டு. அந்த மாதிரி.

சரி, கேமரா, மைக், கான்டாக்ட்ஸ், எஸ்எம்எஸ் எல்லாம் ரூமுக்கு வெளிய பொதுவா இருக்கே? அதுக்குத்தான் பர்மிஷன். வார்டன் மாதிரி ஆண்ட்ராய்டு நடுவுல நின்னு, "இவன் உங்க எஸ்எம்எஸ் பார்க்கணுமாம், விடட்டுமா?"ன்னு நம்மகிட்ட கேக்கும். நாம சரின்னா விட்டுடும்.

இங்கதான் சிக்கலே. சுவரை உடைக்கிறது கஷ்டம். ஆனா சுவர்ல ஒரு வாசல் இருக்கு, அதைத் திறக்கிற பட்டன் நம்ம விரல்ல இருக்கு. அப்பாவை ஏமாத்தினவன் சுவரை உடைக்கல. "அலோ" பட்டனை அப்பாவையே அமுக்க வச்சான். அந்த ஆப் முதல்ல எஸ்எம்எஸ் பர்மிஷன் கேட்டுச்சு. அப்புறம் "என்னை மெயின் மெசேஜ் ஆப்பா வச்சுக்கறீங்களா?"ன்னு கேட்டுச்சு. ஆண்ட்ராய்டு 4.4ல இருந்து மெயின் மெசேஜ் ஆப் எதுவோ அதுக்கு மட்டும்தான் எஸ்எம்எஸ்ஸை அழிக்கிற உரிமை. அப்பா அதுக்கும் சரி சொன்னாரு. அதுக்கப்புறம் வந்த ஓடிபி எல்லாம் நேரா அந்த ஆப்புக்குப் போச்சு, அங்கிருந்து அவனுக்குப் போச்சு. பழைய மெசேஜ் ஆப் சத்தமே குடுக்கல. அதனாலதான் ஓடிபி வந்ததையே அப்பா பார்க்கல. "நான் யார்கிட்டயும் சொல்லல"ன்னு அவர் சத்தியம் பண்ணது அப்பட்டமான உண்மை.

பர்மிஷன் கேட்டாலே திருடனா?

இல்ல. ஆனா தேவைக்கு மேல கேக்குறவனை யோசிச்சுத்தான் விடணும். 2013 டிசம்பர்ல அமெரிக்காவின் ஃபெடரல் ட்ரேட் கமிஷன் ஒரு ஆண்ட்ராய்டு டார்ச் லைட் ஆப் மேல நடவடிக்கை எடுத்துச்சு. கோடிக்கணக்கான பேர் டவுன்லோடு பண்ணின ஆப் அது. பேர் 'பிரைட்டஸ்ட் ஃபிளாஷ்லைட்'. லைட் எரியறதைத் தவிர அதுக்கு வேற வேலை இல்ல. ஆனா பயன்படுத்துறவங்க எங்க இருக்காங்கங்கிறதையும் அவங்க ஃபோனோட அடையாள எண்ணையும் விளம்பர நிறுவனங்களுக்கு அனுப்பிக்கிட்டு இருந்துச்சு. ஏத்துக்கிறேன், மறுக்கிறேன்னு ரெண்டு பட்டன் காட்டும். நீங்க எதையும் அமுக்குறதுக்கு முன்னாடியே தகவல் போயிருக்கும்.

அப்போ ஆண்ட்ராய்டுல இன்ஸ்டால் பண்ணும்போதே எல்லா பர்மிஷனையும் மொத்தமா குடுத்தாகணும், இல்லன்னா ஆப்பே கிடையாது. 2015ல வந்த ஆண்ட்ராய்டு 6ல இருந்துதான் ஒவ்வொண்ணா கேக்க ஆரம்பிச்சது. ஆண்ட்ராய்டு 11ல "இந்த ஒரு தடவை மட்டும்"னு ஒரு வழி வந்துச்சு. 12ல துல்லியமான இடம் இல்லாம, தோராயமான இடத்தை மட்டும் குடுக்கலாம்னு ஆச்சு. மைக்கோ கேமராவோ ஓடும்போது மேல மூலையில பச்சையா ஒரு புள்ளி வர்றதும் 12ல இருந்துதான். இந்த வசதி எல்லாம் நம்மள்ல பல பேர் ஃபோன்ல இருக்கு. நாமதான் பாதி நேரம் படிக்காமலே அமுக்கிட்டுப் போயிடறோம்.

மைக் நம்ம பேச்சை ஒட்டுக் கேக்குதா?

ஹாஸ்டல்ல எல்லாருக்கும் இந்த அனுபவம் இருக்கும். ராத்திரி ரூம்ல ஷூ பத்திப் பேசுவோம், காலையில இன்ஸ்டாகிராம்ல ஷூ விளம்பரம் நிக்கும். "ஃபோன் ஒட்டுக் கேக்குது மச்சி"ன்னு சொல்லாத ஆளே இல்ல.

அமெரிக்காவின் நார்த்ஈஸ்டர்ன் பல்கலைக்கழக ஆராய்ச்சியாளர்கள் இதை 17,260 ஆண்ட்ராய்டு ஆப்புகளை வச்சு சோதிச்சு, 2018ல முடிவை வெளியிட்டாங்க. எந்த ஆப்பும் ரகசியமா மைக்கை ஆன் பண்ணி ஆடியோவை அனுப்பினதா அவங்க பார்க்கல. ஆனா எதிர்பார்க்காத ஒண்ணு கிடைச்சது. சில ஆப்புகள் தங்களோட திரையில நாம என்ன செய்யறோம்ங்கிறதைப் படமாவும் வீடியோவாவும் பிடிச்சு வேற நிறுவனத்துக்கு அனுப்பிக்கிட்டு இருந்தது.

அப்போ அந்த ஷூ விளம்பரம் எப்படி வந்துச்சு? பேச்சைக் கேக்க வேண்டிய அவசியமே இல்லைங்கிறதுதான் பதில். ஷூ பத்திப் பேசினதும் ரூம்மேட் அதைத் தேடியிருப்பான். நீங்களும் அவனும் ஒரே வைஃபை. ரெண்டு பேர் ஃபோனும் தினமும் ராத்திரி ஒரே இடத்துல படுத்திருக்கு. அவன் கான்டாக்ட்ஸ்ல நீங்க, உங்க கான்டாக்ட்ஸ்ல அவன். ஒவ்வொரு ஃபோனுக்கும் விளம்பரத்துக்குன்னே ஒரு அடையாள எண் வேற இருக்கு. வேற வேற ஆப்ல நீங்க செய்யறதை எல்லாம் ஒரே நூல்ல கோக்கிறது அந்த எண்தான். இவ்வளவு தெரிஞ்சா, நீங்க அடுத்து என்ன வாங்குவீங்கன்னு யூகிக்கிறது பெரிய வித்தை இல்ல. பல மணி நேர ஆடியோவை அனுப்புறதை விட இது ரொம்ப மலிவு.

தனித்தனியா பார்த்தா ஒண்ணுமில்லாத தகவல், சேர்த்துப் பார்த்தா என்னவெல்லாம் காட்டும்ங்கிறதுக்கு ஸ்ட்ராவா நல்ல உதாரணம். ஓடுறவங்களும் சைக்கிள் ஓட்டுறவங்களும் பயன்படுத்துற ஆப் அது. உலகம் முழுக்க அவங்க ஓடின பாதைகளை எல்லாம் சேர்த்து, யார் பேரும் இல்லாம ஒரு மேப்பா 2017 நவம்பர்ல வெளியிட்டாங்க. 2018 ஜனவரியில நேத்தன் ரூசர்னு 20 வயசு ஆஸ்திரேலிய மாணவர் ஒருத்தர் ஒரு விஷயத்தைக் கவனிச்சாரு. ஆஃப்கானிஸ்தான், சிரியா மாதிரி இடங்கள்ல சுத்தி இருட்டா இருக்க, நடுவுல மட்டும் சில பாதைகள் பளிச்சுன்னு தெரிஞ்சது. அது எல்லாம் ராணுவ முகாம்கள். காலையில ஓடின வீரர்கள் தங்களுக்குத் தெரியாமலே முகாமோட உள் பாதைகளை வரைஞ்சு குடுத்திருந்தாங்க. யாரும் எதையும் ஹேக் பண்ணல. நம்ம வயசுப் பையன் ஒருத்தன் மேப்பை உத்துப் பார்த்தான், அவ்வளவுதான்.

ஐஃபோன்ல 2021 ஏப்ரல்ல வந்த ஐஓஎஸ் 14.5ல இருந்து, மத்த ஆப்புகள்ல உங்களைப் பின்தொடர அந்த விளம்பர எண் வேணும்னா ஆப் உங்ககிட்ட கேட்டாகணும். ஆண்ட்ராய்டுல செட்டிங்ஸுக்குள்ள போய் அந்த எண்ணை நீங்களே அழிக்கலாம். அழிச்சா விளம்பரம் நிக்காது. ஆனா அந்த நூல் அறுந்துடும்.

எஸ்எம்எஸ்ங்கிற பழைய கதவு

ஃபோன் எவ்வளவு புதுசா இருந்தாலும், ஓடிபி வர்ற வழி பழசு. வாட்ஸ்அப் மெசேஜ் நம்ம ஃபோன்ல பூட்டப்பட்டு, எதிர் ஃபோன்லதான் திறக்கும். எஸ்எம்எஸ்ஸுக்கு அந்தப் பாதுகாப்பு இல்ல. ஃபோன் கம்பெனிகள் தங்களுக்குள்ள பேசிக்கிற எஸ்எஸ்7ங்கிற முறை 1970கள்ல உருவானது. அப்போ அந்த நெட்வொர்க்குக்குள்ள இருந்தவங்க எல்லாரும் ஒருத்தரை ஒருத்தர் நம்பினாங்க. அந்த நம்பிக்கையைப் பயன்படுத்தி 2017ல ஜெர்மனியில பேங்க் வாடிக்கையாளர்களோட ஓடிபி எஸ்எம்எஸ்ஸை வேற நம்பருக்குத் திருப்பிவிட்டுக் காசு எடுத்தாங்க. அங்க இருக்கிற ஓ2 டெலிஃபோனிகா நிறுவனமே இதை ஒத்துக்கிட்டது.

இது போக, உங்க பேர்ல டூப்ளிகேட் சிம் வாங்குற மோசடியும் இருக்கு. அதுல உங்க ஃபோனை யாரும் தொடவே மாட்டாங்க, உங்க நம்பர் மட்டும் வேற ஃபோனுக்குப் போயிடும். திடீர்னு உங்க சிம் மணிக்கணக்கா சிக்னல் இல்லாம கிடந்தா, டவர் பிரச்சனைன்னு விட்டுடாதீங்க. வேற ஃபோன்ல இருந்து கம்பெனிக்குக் கால் பண்ணிக் கேளுங்க.

எந்தக் கதவுலயும் தட்டாம வர்றவங்க

2016ல ஐக்கிய அரபு அமீரகத்தின் மனித உரிமை ஆர்வலர் அகமது மன்சூருக்கு ஒரு எஸ்எம்எஸ் லிங்க் வந்துச்சு. அவர் அதைத் தொடாம, கனடாவின் டொரொன்டோ பல்கலைக்கழகத்துல இருக்கிற சிட்டிசன் லேபுக்கு அனுப்பினாரு. இஸ்ரேலின் என்எஸ்ஓ நிறுவனத்தோட பெகாசஸ் உளவு சாஃப்ட்வேர் அப்படித்தான் வெளிச்சத்துக்கு வந்துச்சு. அதுக்காவது ஒரு லிங்க்கைத் தொடணும். 2021ல கண்டுபிடிச்ச இன்னொரு வழிக்கு எதையும் தொட வேண்டாம், ஐமெசேஜ்ல ஒரு ஃபைல் வந்தாலே போதும். அந்த ஓட்டையை ஆப்பிள் 2021 செப்டம்பர்ல ஐஓஎஸ் 14.8 மூலமா அடைச்சது.

இந்த மாதிரித் தாக்குதலுக்கு ரொம்பச் செலவாகும். அதனால குறிவைக்கிறது பத்திரிகையாளர், ஆர்வலர், அரசியல்வாதி மாதிரி ஆட்களைத்தான். எங்க அப்பா கடையில இருக்கிற 38,000க்கு யாரும் பெகாசஸ் எடுத்துட்டு வர மாட்டாங்க. இருந்தாலும் நாம செய்யக் கூடியது ஒண்ணு உண்டு, அது அப்டேட். இந்த மாதிரி ஓட்டை தெரிஞ்சதும் அடைப்பாங்க. ஆனா அப்டேட் போட்ட ஃபோன்லதான் அது அடைபடும். செட்டிங்ஸ்ல 'செக்யூரிட்டி பேட்ச்'னு ஒரு தேதி இருக்கும், பாருங்க. கூகுள் பிக்சல் 8, சாம்சங் எஸ்24 மாதிரி ஃபோன்களுக்கு 7 வருஷம் அப்டேட் தர்றதா சொல்லியிருக்காங்க. குறைஞ்ச விலை ஃபோன் பலதுக்கும் அதுல பாதி கூட வராது. கேமரா எத்தனை மெகாபிக்சல்னு கேக்குற நாம, அப்டேட் எத்தனை வருஷம்னும் கேக்கணும்.

சரி, அவன் எப்படித்தான் வந்தான்?

இதெல்லாம் படிச்சப்புறம் ஒரு விஷயம் எனக்கு உறுத்த ஆரம்பிச்சது. 2017ல வந்த ஆண்ட்ராய்டு 8ல இருந்து, ப்ளே ஸ்டோருக்கு வெளிய இருந்து ஆப் இன்ஸ்டால் பண்ணணும்னா, அதைக் கொண்டு வர்ற ஒவ்வொரு ஆப்புக்கும் தனியா அனுமதி குடுக்கணும். வாட்ஸ்அப்ல ஏபிகே வந்தா, வாட்ஸ்அப்புக்கு அந்த அனுமதி இல்லன்னா முதல் தடவையே ஃபோன் நிறுத்தி எச்சரிக்கும், செட்டிங்ஸுக்குப் போய் ஆன் பண்ணச் சொல்லும். எங்க அப்பாவுக்கு செட்டிங்ஸ் பக்கமே போகத் தெரியாது. அந்த எச்சரிக்கை வந்திருந்தா, "தம்பி, இது என்னமோ கேக்குது"ன்னு எனக்குத்தான் கால் பண்ணியிருப்பாரு.

அவருக்கு அந்த எச்சரிக்கை வரவே இல்ல.

ஏன்னா அதுக்கு ஆறு மாசம் முன்னாடி, ஐபிஎல் சீசன்ல, அவர் கடையில உட்கார்ந்து மேட்ச் பார்க்கட்டும்னு நானே ஒரு கிராக் பண்ணின ஆப்பை வாட்ஸ்அப்ல அனுப்பினேன். லீவுக்குப் போனப்போ நானே அந்த அனுமதியை ஆன் பண்ணினேன். ப்ளே ப்ரொடெக்ட் "இது ஆபத்தான ஆப்"னு சிவப்புல காட்டுச்சு. அது தொல்லையா இருக்குன்னு அதையும் ஆஃப் பண்ணினேன். "அது அப்படித்தான்ப்பா காட்டும், கண்டுக்காதீங்க"ன்னு சொன்னதும் நான்தான். மேட்ச் முடிஞ்சது, சீசன் முடிஞ்சது, கதவு திறந்தே கிடந்துச்சு.

ஆண்ட்ராய்டு போட்டு வச்சிருந்த ரெண்டு தாழ்ப்பாளையும் கழட்டினது அந்தத் திருடன் இல்ல, அப்பாவும் இல்ல. வீட்டுல "கம்ப்யூட்டர் படிக்கிற பையன்"னு நம்பின நான். அதைவிட மோசம், எச்சரிக்கை வந்தா கண்டுக்க வேண்டாம்னு நான்தான் அவருக்குச் சொல்லிக் குடுத்திருந்தேன். பொங்கலுக்குப் போனப்போ இதை அவர்கிட்ட சொன்னேன். கொஞ்ச நேரம் பேசல. அப்புறம், "சரி விடு, மேட்ச் பார்த்தேன்ல"ன்னு சொன்னாரு. 20,000 ரூபாய் மேட்ச்.

இப்போ அப்பாவுக்கு நான் சொல்ற பதில்

ஃபோனை நம்பலாமாங்கிறது பாதிக் கேள்விதான். எதை, யார்கிட்ட இருந்து காப்பாத்தணும்ங்கிறது மீதிக் கேள்வி. ஃபோனைத் திருடுறவன்கிட்ட இருந்து உள்ள இருக்கிறதைக் காப்பாத்த, நல்ல பின் இருந்தா பெரும்பாலும் நம்பலாம். ஒரு ஆப்கிட்ட இருந்து இன்னொரு ஆப்பைக் காப்பாத்தவும், நாம பார்த்து 'அலோ' குடுத்தா நம்பலாம். விளம்பர நிறுவனங்கள்கிட்ட இருந்து அந்தரங்கத்தைக் காப்பாத்தணும்னா, ஃபோன் வாங்கினபடியே இருந்தா நம்ப முடியாது, நாமதான் ஒவ்வொண்ணா மூடணும். அரசாங்க அளவு பலம் இருக்கிறவங்க குறிவச்சா, எந்த ஃபோனையும் முழுசா நம்ப முடியாது.

அந்தரங்கம் அடிப்படை உரிமைன்னு உச்ச நீதிமன்றத்தின் 9 நீதிபதிகள் 2017 ஆகஸ்ட் 24ல புட்டசாமி வழக்குல ஒருமனதா சொல்லிட்டாங்க. 2023ல டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டமும் வந்தாச்சு. ஆனா ராத்திரி பத்து மணிக்கு 'அலோ' பட்டன் மேல நிக்கிற விரலை எந்தச் சட்டமும் வந்து பிடிக்காது.

அதனால அடுத்த தடவை ஊருக்குப் போறப்போ, அம்மா அப்பா ஃபோனை வாங்கி ஒரு கால் மணி நேரம் ஒதுக்குங்க.

1. செட்டிங்ஸ்ல 'இன்ஸ்டால் அன்னோன் ஆப்ஸ்'னு தேடுங்க. வாட்ஸ்அப், க்ரோம், ஃபைல் மேனேஜர் எல்லாத்துக்கும் ஆஃப் பண்ணுங்க. ப்ளே ஸ்டோர்ல உங்க படத்தைத் தொட்டு, ப்ளே ப்ரொடெக்ட் ஆன்ல இருக்கான்னு பாருங்க.

2. 'பர்மிஷன் மேனேஜர்'ல எஸ்எம்எஸ்ஸைத் திறங்க. அங்க மெசேஜ் ஆப், பேங்க், யுபிஐ ஆப் தவிர வேற எது இருந்தாலும் ஏன்னு கேளுங்க. அதே மாதிரி 'ஆக்சசிபிலிட்டி' பட்டியலையும் பாருங்க. அந்த அனுமதி இருந்தா ஒரு ஆப் திரையில இருக்கிறதைப் படிக்கலாம், நமக்குப் பதிலா தொடவும் செய்யலாம்.

3. பேங்க் ஆப்ல கார்டோட ஆன்லைன் பயன்பாட்டை ஆஃப் பண்ணுங்க, இல்லன்னா லிமிட்டைக் குறைச்சு வைங்க. இந்த வசதியை எல்லா பேங்கும் தரணும்னு ரிசர்வ் வங்கி சொன்னது 2020லயே அமலுக்கு வந்துடுச்சு. எங்க அப்பா கார்டுக்கு லிமிட் 2,000 வச்சிருந்தா, இந்தக் கட்டுரையே தேவைப்பட்டிருக்காது.

4. 1930ஐ அவங்க கான்டாக்ட்ஸ்ல சேமிச்சு வைங்க. காசு போனா அழறதுக்கு முன்னாடி அதுக்குக் கால் பண்ணணும். எங்களுக்கு 18,000 திரும்பி வந்ததே சீக்கிரமா கூப்பிட்டதாலதான். ஃபோனே தொலைஞ்சா சஞ்சார் சாத்தி போர்ட்டல்ல ஐஎம்இஐ நம்பரைக் குடுத்து அதை முடக்கலாம். அந்த நம்பரை இப்பவே *#06# அடிச்சு எழுதி வச்சுக்கோங்க.

5. அஞ்சாவது செட்டிங்ஸ்ல இல்ல. "ஃபோன் சிவப்புல எதையாவது காட்டினா, எந்த நேரமா இருந்தாலும் எனக்குக் கால் பண்ணுங்க"ன்னு சொல்லிட்டு வாங்க. கால் வந்தா எரிச்சல் படாம எடுங்க.

எங்க அப்பா இப்போ வாரத்துக்கு மூணு தடவை கால் பண்றாரு. "தம்பி, ஃபோன் மேல பச்சையா ஒரு புள்ளி தெரியுதுடா." "அப்பா, நீங்க இப்போ வீடியோ கால்ல இருக்கீங்க, அதான்." பாதி கால் இந்த மாதிரிதான். க்ளாஸ்ல இருந்தாலும் வெளிய வந்து எடுத்துடறேன்.